8-3ல இருந்து 13-8: பூல் கம்பேக்குக்குள்ள இருக்கிற கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கித் திருத்தப்பட்டது.)

1996, ஹாங்காங். ஒரு பூல் டேபிள், ரெண்டு பேர், மூணு நாள். ஒரு பக்கம் அமெரிக்காவின் ஏர்ல் ஸ்ட்ரிக்லாண்ட், இன்னொரு பக்கம் பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரெயெஸ். யார் முதல்ல 120 ராக் ஜெயிக்கிறாங்களோ அவங்களுக்கு ஒரு லட்சம் டாலர். பரிசு மொத்தமும் ஜெயிச்சவருக்குத்தான். போட்டிக்குப் பேரே 'தி கலர் ஆஃப் மணி'. பால் நியூமனும் டாம் க்ரூஸும் நடிச்ச 1986 படத்தோட பேரை அப்படியே எடுத்து வச்சிருந்தாங்க.

ரெயெஸ் பின்தங்கியிருந்து வந்து ஜெயிச்சார். ஸ்கோர் 120-117. மொத்தம் 237 ராக் ஆடினதுல வித்தியாசம் மூணே மூணு.

பூல் ரசிகர்கள் இன்னிக்கும் கம்பேக் பத்திப் பேச ஆரம்பிச்சா இந்த மேட்ச் வராம இருக்காது. பேச்சு உடனே ரெண்டு கட்சியா பிரியும். "ரெயெஸுக்கு மனசு இரும்பு" என்பது ஒரு கட்சி. "ஸ்ட்ரிக்லாண்ட் கோபக்காரர், கையில இருந்ததை விட்டுட்டார்" என்பது இன்னொரு கட்சி. கவனிச்சா, ரெண்டுமே ஆளோட குணத்தைப் பத்தின தீர்ப்புதான். கணக்குன்னு ஒண்ணு இருக்கு, அதை யாரும் கூப்பிடறதே இல்லை. இந்த எபிசோட்ல அதைக் கூப்பிட்டு உட்கார வைக்கப் போறேன்.

பூல் ஆடாதவங்களுக்காக ஒரு நிமிஷம். நான் சொல்றது நைன்-பால் ஆட்டம். ஒன்பது பந்தை வைர வடிவத்துல அடுக்குவாங்க, அந்த அடுக்குதான் ராக். வெள்ளைப் பந்தால அதை உடைச்சு ஆட்டத்தை ஆரம்பிக்கிறது பிரேக். எப்பவுமே டேபிள்ல இருக்கிறதுலயே சின்ன நம்பர் பந்தை முதல்ல தொடணும். 9ம் பந்தைக் குழியில போட்டவருக்கு அந்த ராக். பந்து விழுந்துட்டே இருக்கிற வரைக்கும் ஒருத்தரேதான் ஆடுவார். இன்னொருத்தர் நாற்காலியில உட்கார்ந்து பார்க்கணும். கிரிக்கெட்ல எதிராளி அடிச்சு நொறுக்கும்போது கூட உங்களுக்கு பவுலிங்னு ஒரு வேலை இருக்கும். பூல்ல தண்ணி குடிக்கிறது, சாக்பீஸைத் தேய்க்கிறது, அவ்வளவுதான். அந்த நாற்காலியை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

நாணயம் சுண்டிப் பார்க்கலாம்

என் ரூம்மேட் ஒரு வெறித்தனமான பூல் ரசிகன். ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்ட்ரீம் பார்ப்பான். ஒருத்தர் 8-3 முன்னாடி போனா "முடிஞ்சு போச்சு மச்சான்"னு போர்வையை இழுத்துப்பான். காலையில ரிசல்ட் மாறியிருந்தா, "அவன் சொதப்பிட்டான்டா, கை நடுங்கிடுச்சு"ம்பான். தூங்கிட்டிருந்தவனுக்கு எப்படிடா கை நடுங்கினது தெரிஞ்சதுன்னு கேட்டா பதில் வராது. நியாயமா பார்த்தா பெரும்பாலான ரசிகர்கள் அப்படித்தான். ரிசல்ட்டைப் பார்த்துட்டு அதுக்குப் பொருத்தமா ஒரு மனநிலையைக் கற்பனை பண்ணிக்கிறோம்.

சரி, மனசே இல்லாத ரெண்டு பேரை ஆட விடுவோம். ஒவ்வொரு ராக்கும் ஒரு நாணயம் சுண்டறது மாதிரி. பூ விழுந்தா ஒருத்தருக்கு, தலை விழுந்தா இன்னொருத்தருக்கு. திறமை சரிசமம், பயம் கிடையாது, களைப்பு கிடையாது. 120 வரைக்கும் போறாங்க.

இங்க முன்னிலை எவ்வளவு தூரம் ஆடும்? ராக் எண்ணிக்கையோட வர்க்கமூலம் என்பது ஒரு தோராய அளவு. 100 ராக் முடிஞ்சா பத்து பத்து ராக் முன்னாடி பின்னாடி இருக்கிறது சாதாரணம். 200 ராக் ஆனா சுமார் 14. இன்னொரு விதமா கேட்கலாம். இந்த மேட்ச்ல ஏதோ ஒரு கட்டத்துல, யாரோ ஒருத்தர் 17 ராக் முன்னாடி இருக்க எவ்வளவு வாய்ப்பு? ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அதாவது துளிகூட வித்தியாசம் இல்லாத ரெண்டு நாணயங்களை மூணு நாள் சுண்டினா, ரெண்டு மேட்ச்ல ஒண்ணுல நம்ம கமென்டேட்டர் "முழு ஆதிக்கம்"னு கத்தியிருப்பார்.

இப்ப 60-43ன்னு ஒரு ஸ்கோர் எடுத்துக்கோங்க. அதே 17 வித்தியாசம். பின்னாடி இருக்கிற நாணயம் 120க்கு முதல்ல போய்ச் சேர வாய்ப்பு 100க்கு சுமார் 7. கம்மிதான். ஆனா நம்ம ஊர்ல 7 சதவீத மழைன்னு ஆப் சொல்லி நனைஞ்சவங்க எத்தனை பேர்!

இன்னொரு ஆச்சரியமும் இருக்கு. சரிசமமான ரெண்டு பேர் 120 வரை ஆடினா, முடியும்போது வித்தியாசம் சராசரியா 12 ராக் இருக்கும். 120-108 மாதிரி. ஹாங்காங்ல வித்தியாசம் மூணு. அந்த மேட்ச்ல ஆச்சரியப்பட ஏதாவது இருக்குன்னா, ஒருத்தர் பின்னாடி இருந்து வந்தார் என்பதை விட, ரெண்டு பேரும் கடைசியில இவ்வளவு ஒட்டி வந்து நின்னாங்க என்பதுதான்னு நான் சொல்வேன்.

எதுக்கு இவ்வளவு நீளமா ஆடறாங்க என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கு. ஒரு ஆள் ராக்குக்கு 55 சதவீதம் ஜெயிக்கிறவர்னு வைங்க, அதாவது கொஞ்சம்தான் உசத்தி. 11 வரைக்கும் ஆடினா அவர் ஜெயிக்கிறது மூணு மேட்ச்ல ரெண்டுதான். 120 வரைக்கும் ஆடினா 100ல 94. நீளம் கூடக்கூட அதிர்ஷ்டம் கரையும், திறமை மிஞ்சும். அமெரிக்காவுல காசு வச்சு ஆடறவங்க 100 வரைக்கும், 120 வரைக்கும்னு ஆடறதுக்கு இதுதான் அடிப்படை. யார் பெரிய ஆளுன்னு சண்டை வந்தா, "வா, மூணு நாள் ஆடிப் பார்த்துடலாம்".

பேர் பெற்ற மூணு கம்பேக்

நிஜ மேட்ச்சுகளுக்கு வருவோம். இதுல ரெண்டு ஸ்னூக்கர். பூல் ஆளுங்க கோவிச்சுக்கக் கூடாது, அதே குடும்பம்தான். ஸ்னூக்கர் விதிகளுக்கு நம்ம ஊட்டி கிளப்போட ஒரு பழைய தொடர்பு வேற இருக்கு, 1880கள்ல அங்கதான் அதை எழுதி சுவத்துல மாட்டினாங்க. அந்தப் பாசத்துல சேர்த்துக்கறேன்.

முதல்ல 1985 உலக ஸ்னூக்கர் ஃபைனல். ஸ்டீவ் டேவிஸ் 8-0 முன்னாடி. டென்னிஸ் டெய்லர் 18-17 ஜெயிச்சார். கடைசி ஃப்ரேம்ல, கடைசி கருப்புப் பந்துல. அந்த ரெண்டு நாள்ல டெய்லர் ஒரு தடவை கூட முன்னிலையில இல்லை. அந்தக் கருப்புப் பந்து விழுந்த நொடியிலதான் முதல் தடவை முன்னாடி வந்தார். பிரிட்டன்ல நள்ளிரவு தாண்டி 1 கோடியே 85 லட்சம் பேர் டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தாங்க.

ரெண்டாவது 1992, அதே உலகப் போட்டியின் ஃபைனல். ஜிம்மி ஒயிட் 14-8 முன்னாடி. ஸ்டீபன் ஹென்ட்ரி அங்கிருந்து வரிசையா பத்து ஃப்ரேம் எடுத்து 18-14.

மூணாவது பூல். 2021 செப்டம்பர், அட்லாண்டிக் சிட்டி, யு.எஸ். ஓப்பன் ஃபைனல். சிங்கப்பூரின் அலோஷியஸ் யாப் 8-3 முன்னாடி. பிலிப்பைன்ஸின் கார்லோ பியாடோ வரிசையா பத்து ராக் எடுத்து 13-8. 1994ல ரெயெஸும் அதே பட்டத்தை ஜெயிச்சிருந்தார்.

நாணயக் கணக்கை இந்த மூணுலயும் போட்டேன். டெய்லரோட 0-8ல இருந்து ஜெயிக்கிற வாய்ப்பு 6 சதவீதம். ஹென்ட்ரியோட 8-14ல இருந்து 4.6. பியாடோவோட 3-8ல இருந்து கிட்டத்தட்ட 9, அதாவது 11ல ஒண்ணு.

11ல ஒண்ணு! ஒரு பெரிய டோர்னமென்ட்ல நூத்துக்கணக்கான மேட்ச் நடக்கும். அந்த மாதிரி ஸ்கோர் எத்தனையோ டேபிள்ல வந்து போகும். மூலையில இருக்கிற பதினாலாம் நம்பர் டேபிள்ல ரெண்டாவது ரவுண்டுல நடக்கிற கம்பேக்குக்கு யாரும் பேர் வைக்கிறதில்லை. ஃபைனல்ல நடந்தா மட்டும் சரித்திரம். நான் சொல்ல வர்றது பியாடோ செஞ்சது சாதாரணம்னு இல்லை. அவர் செஞ்சதுல எது அபூர்வம்னு சரியா காட்டணும். 3-8ல இருந்து எப்படியோ ஜெயிக்கிறது 11ல ஒண்ணு. ஒரு ராக் கூட விடாம ஜெயிக்கிறது 1,024ல ஒண்ணு. கம்பேக் என்ற வார்த்தை அந்த ரெண்டையும் ஒரே பொட்டலமா கட்டிடுது.

ஹென்ட்ரி விஷயத்துல இன்னொரு நுணுக்கம். அவர் அப்ப உலகின் நம்பர் ஒன். அவரை 50 சதவீத நாணயம்னு சொல்றது அநியாயம். ஃப்ரேமுக்கு 60 சதவீதம்னு வச்சா, 8-14ல இருந்து ஜெயிக்கிற வாய்ப்பு 4.6ல இருந்து 17 சதவீதமாகுது. ஆறுல ஒண்ணு, ஒரு தாயக்கட்டை உருட்டற மாதிரி. ஆனா ஜிம்மி ஒயிட்டுக்கு வாழ்நாள் பூரா ஒட்டிக்கிட்ட முத்திரை என்ன? ஆறு உலக ஃபைனல் ஆடி ஆறுலயும் தோத்தவர், நெருக்கடியில உடையறவர். அந்த ஆறுல நாலு ஹென்ட்ரிகிட்ட தோத்தது. தன்னை விட பலமான ஆள் எதிர்ல இருக்கும்போது 14-8 என்பது பாதுகாப்பான இடமே இல்லை. முன்னிலையில இருந்தவரைப் பார்த்து "சொதப்பிட்டான்"னு சொல்ல ஒரு நொடி போதும். அதை அவர் முப்பது வருஷம் சுமக்கணும். இந்த எபிசோடைப் பண்ணணும்னு எனக்குத் தோணினதுக்கு இதுதான் காரணம்.

வின்னர் பிரேக்கா, மாறி மாறி பிரேக்கா

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ரசிகர்கள் நடுவுல தீராத சண்டை இது. அடுத்த ராக்கை யார் உடைக்கணும்? ரெண்டு முறை இருக்கு. ஒண்ணு, போன ராக்கை ஜெயிச்சவரே உடைக்கலாம். அது வின்னர் பிரேக். இன்னொண்ணு, ஆளுக்கு ஒரு தடவை மாறி மாறி உடைக்கிறது.

பிரேக் பெரும்பாலும் ஒரு சலுகை. உடைக்கும்போதே பந்து விழுந்தா, அப்படியே ஒண்ணொண்ணா போட்டு ராக்கை முடிச்சிடலாம். எதிராளி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். அதனால ரசிகர்கள் சொல்றது: "வின்னர் பிரேக்னா முன்னாடி இருக்கிறவன் ஓடியே போயிடுவான். பின்தங்கினவனுக்கு நாற்காலிதான் கதி. கம்பேக் வேணும்னா மாறி மாறி பிரேக்தான் நியாயம்."

கேட்க ரொம்ப சரியா இருக்கு. கணக்கு நேர் எதிரா சொல்லுது.

பதினொண்ணு வரைக்கும் ஆட்டம், ஸ்கோர் 8-2ன்னு வைப்போம். பின்னாடி இருக்கிறவரை குமார்னு கூப்பிடுவோம், முன்னாடி இருக்கிறவரை ராஜான்னு. குமாருக்கு இன்னும் 9 ராக் வேணும். ராஜாவுக்கு 3. இப்ப பிரேக் குமார் கையில. யார் உடைக்கிறாரோ அவர் அந்த ராக்கை 60 சதவீதம் ஜெயிக்கிறார்னு வச்சுப்போம். இது கணக்குக்காக நான் எடுத்துக்கிட்ட எண்.

மாறி மாறி பிரேக் முறையில, மிச்சம் அதிகபட்சம் 11 ராக். குமார் ஆறு தடவை உடைப்பார், ராஜா அஞ்சு தடவை. கிட்டத்தட்ட சரிபாதி.

வின்னர் பிரேக்ல? குமார் இந்த மேட்சை ஜெயிக்கிற காட்சியை மட்டும் யோசிங்க. இப்ப ஒரு பிரேக் கையில இருக்கு. அதுக்கப்புறம் அவர் ஜெயிக்கிற ஒவ்வொரு ராக்கும் அடுத்த பிரேக்கைக் கொண்டு வந்து கொடுக்கும். எட்டு ராக் எட்டு பிரேக் தரும், ஒன்பதாவது ஜெயிச்சதும் மேட்ச் முடிஞ்சிடும். ஆக அவருக்கு 9 பிரேக். ராஜா அதுக்குள்ள ரெண்டு ராக்குக்கு மேல ஜெயிச்சிருக்க முடியாது, ஜெயிச்சிருந்தா மேட்ச் அவருது. அதனால ராஜாவுக்கு அதிகபட்சம் 2 பிரேக். ஒன்பதுக்கு ரெண்டு! மலை ஏறுறவருக்கு ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கான கைப்பிடியைத் தருது.

எண்ணா போட்டுப் பார்த்தா, மாறி மாறி பிரேக்ல குமார் ஜெயிக்கிற வாய்ப்பு 3.4 சதவீதம். வின்னர் பிரேக்ல 7.5. ரெண்டு மடங்குக்கு மேல. "சரி, பிரேக் ராஜா கையில இருந்தா?"ன்னு கேட்பீங்க. அதையும் போட்டேன். மாறி மாறி முறையில 2.6, வின்னர் பிரேக்ல 5.8. முன்னாடி இருக்கிறவரே உடைக்கப் போறார்னாலும், பின்னாடி இருக்கிறவருக்கு வின்னர் பிரேக்தான் நல்லது.

இதை ரூம்மேட்கிட்ட சொன்னப்போ அவன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். "அப்போ வின்னர் பிரேக்ல சுமாரா ஆடறவன் அதிகமா ஜெயிக்கணுமே?" இல்லை, அதுதான் இதோட அழகு. 0-0ல ஆரம்பிச்சா ரெண்டு முறையிலயும் மேட்ச் ஜெயிக்கிற வாய்ப்பு அச்சு அசலா ஒண்ணேதான். முன்ன மாதிரியே எண்ணுங்க: 11 வரைக்கும் ஆட்டத்துல முதல்ல உடைக்கிறவருக்கு 11 பிரேக், மற்றவருக்கு 10. மாறி மாறி ஆடினாலும் 11, 10. டென்னிஸ் மாதிரி சர்வ் இருக்கிற ஆட்டங்களை வச்சு கணித ஆளுங்க 1970கள்லயே நிரூபிச்ச விஷயம் இது.

அப்ப என்னதான் மாறுது? வழி மாறுது. வின்னர் பிரேக்ல ராக்குகள் கொத்துக் கொத்தா விழும். அஞ்சு இவருக்கு, நாலு அவருக்குன்னு. பெரிய முன்னிலைகள் அடிக்கடி உருவாகும், அதே வேகத்துல கரையும். மாறி மாறி ஆடினா முன்னிலை மெதுவா சேரும், சேர்ந்தது ஒட்டிக்கும். ஆக வின்னர் பிரேக்ல 8-2 என்பது மாறி மாறி முறையோட 8-2 இல்லை. அதுக்கு மதிப்பு கம்மி. ஸ்கோர் போர்டு ரெண்டையும் ஒரே மாதிரி காட்டுது, நாம ஏமாந்துடறோம்.

வின்னர் பிரேக்ல கொத்து எவ்வளவு பெருசா வரலாம்னு தெரியணுமா? அதே 1996ல டல்லாஸ்ல ஒரு போட்டி. தொடர்ந்து பத்து ராக் எடுத்தா பத்து லட்சம் டாலர்னு அறிவிச்சிருந்தாங்க. யாரும் எடுக்க மாட்டாங்கன்னு நம்பி இன்சூரன்ஸும் போட்டிருந்தாங்க. ஸ்ட்ரிக்லாண்ட் எடுத்துட்டார். அப்புறம் இன்சூரன்ஸ் பணத்துக்கு ஒரு பெரிய இழுபறி நடந்து சமரசத்துல முடிஞ்சது தனிக் கதை.

நாணயத்துக்கு இல்லாத ஒண்ணு

இவ்வளவு நேரம் நான் ஒரு பொய்யைச் சொல்லிட்டு இருந்தேன், உங்களுக்கும் தெரியும். 50ன்னும் 60ன்னும் ஒரு எண்ணை எடுத்து மேட்ச் முழுக்க அதே எண்ணுன்னு வச்சேன். நிஜ மேட்ச்ல அந்த எண் நகரும். கம்பேக் பத்தி வாதாடணும்னா அந்த நகர்வைப் பத்தித்தான் வாதாடணும்.

எது நகர்த்தும்? ரசிகர்கள் உடனே மனசுன்னு சொல்வாங்க. நான் முதல்ல பிரேக்கைப் பார்ப்பேன். நைன்-பால் ராக்ல ரெண்டு பக்க மூலையிலயும் ஒவ்வொரு பந்து இருக்கும். பந்துகள் இடைவெளி இல்லாம ஒட்டி இருந்து, சரியான இடத்துல இருந்து சரியான வேகத்துல அடிச்சா, அந்தப் பக்கத்துப் பந்து நேரா மூலைக் குழிக்குப் போகும். ஒரு தடவை அந்த இடத்தைக் கண்டுபிடிச்சிட்டா அடுத்த ராக்லயும் போகும், அதுக்கடுத்ததுலயும் போகும். பூட்டுக்கு சாவி கிடைச்ச மாதிரி.

2001 யு.எஸ். ஓப்பன் ஃபைனலை எடுத்துக்கோங்க. கோரி டூயல், மிகா இம்மோனென். இம்மோனென் அந்த வருஷ உலக சாம்பியன். டூயல் ஜெயிச்சது 11-0. நாணயக் கணக்குல 2,048ல ஒண்ணு. உலக சாம்பியனுக்கு அன்னிக்கு தைரியம் தீர்ந்து போச்சா? டூயல் மெதுவா உடைக்கிற ஒரு பிரேக்கைக் கண்டுபிடிச்சு வச்சிருந்தார். எல்லாரும் பலம் கொண்ட மட்டும் அடிச்சிட்டு இருந்த காலத்துல, அவர் பதமா தட்டி பந்தை விழ வச்சு, மத்த பந்துகளையும் தனக்கு வசதியா நிறுத்திக்கிட்டார். 1ம் பந்துக்குப் பதிலா 9ம் பந்தை ஸ்பாட்ல வச்சு ராக் பண்றது, குறிப்பிட்ட கட்டத்துக்குள்ள இருந்துதான் உடைக்கணும்னு சொல்றது, இந்த மாதிரி விதிகளெல்லாம் அந்த சாவியைப் பறிக்கத்தான் வந்தது.

ஆக ஒருத்தர் திடீர்னு வரிசையா ஆறு ராக் எடுத்தா, நான் பார்க்கிறது அவர் முகத்தை இல்லை. பிரேக்ல எந்தப் பந்து, எந்தக் குழியில விழுதுன்னு பார்ப்பேன். ஆறு தடவையும் அதே பந்து அதே குழின்னா, எண் நகர்ந்துடுச்சு. இன்னும் நகர்ந்தே இருக்கும். ஆறு தடவையும் வேற வேற பந்து எங்கெங்கயோ விழுந்திருந்தா, நாணயம் ஆறு தடவை பூ விழுந்திருக்கு, அவ்வளவுதான். ஏழாவது எப்படியும் விழலாம்.

அப்ப மனசு? ரூம்மேட்டுக்கு இந்த இடத்துல நியாயம் செய்யணும். 'ஹாட் ஹேண்ட்'னு கேள்விப்பட்டிருப்பீங்க. தொடர்ந்து கூடையில போடறவர் அடுத்ததையும் போடுவார் என்ற நம்பிக்கை. 1985ல ட்வெர்ஸ்கியும் கூட ரெண்டு பேரும் கூடைப்பந்து ஷாட்டுகளை எண்ணிப் பார்த்து அது வெறும் பிரமைன்னு எழுதினாங்க. முப்பது வருஷம் எல்லா பாடத்துலயும் அதைச் சொல்லி ரசிகர்களைக் கிண்டல் பண்ணினாங்க. 2018ல மில்லர், சஞ்சுர்ஹோன்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அந்த எண்ணும் முறையிலயே ஒரு சாய்வு இருக்குன்னு காட்டினாங்க. அதைச் சரி பண்ணினா ஹாட் ஹேண்ட் கொஞ்சம் இருக்கத்தான் செய்யுது. அதனால "எல்லாம் தற்செயல்"னு மேதாவித்தனமா சொல்றவங்க கூட நான் சேர மாட்டேன்.

பூல்ல இது எங்க வேலை செய்யும்னா, அந்த நாற்காலியில. நாப்பது நிமிஷம் உட்கார்ந்தே இருந்தவர் எழுந்து வர்றார். கை ஆறிப் போயிருக்கும். டேபிளோட வேகம் மறந்திருக்கும். அவருக்குக் கிடைக்கிறதும் லேசான ஷாட்டா இருக்காது. எதிராளி வேணும்னே பந்துக்குப் பின்னாடி வெள்ளையை ஒளிச்சு வச்சுட்டுப் போயிருப்பார். அதை அவர் தவற விட்டா நாம "உடைஞ்சிட்டான்"னு சொல்றோம். யார் உட்கார்ந்திருந்தாலும் தவற விடற ஷாட் அது. இதுக்கு பயம்னு பேர் வைக்கலாமா என்பதுல எனக்கு உடன்பாடு இல்லை. ஆனா எண் நகர்றது உண்மை.

ரெயெஸ் மாதிரி ஆளுங்களோட தனித்தன்மையும் இங்கதான் இருக்கு. சின்ன வயசுல மணிலாவுல மாமா நடத்தின பூல் ஹாலில் எடுபிடி வேலை பார்த்து, ராத்திரி டேபிள் மேலயே படுத்துத் தூங்கி வளர்ந்தவர். அவர் பேர் வாங்கினது லேசான பந்தைப் போட்டு இல்லை. ஒளிச்சு வச்ச பந்தை சுவரில் மோதி வளைச்சுத் தொடறதுல பேர் வாங்கினவர். 1995ல ரீனோ நகர்ல இதே ஸ்ட்ரிக்லாண்டுக்கு எதிரா இஸட் எழுத்து மாதிரி ரெண்டு சுவரில் மோதி அடிச்ச ஷாட்டை இன்னிக்கும் போட்டுப் போட்டுப் பார்க்கிறாங்க. கணக்கு மொழியில சொன்னா, நாற்காலியில இருந்து எழுந்து வந்த அந்த ஒரே ஷாட்ல அவரோட எண் மத்தவங்க அளவுக்கு விழாது. "இரும்பு மனசு"ன்னு ரசிகர்கள் சொல்றதுல பெரும்பகுதி இந்தத் திறமைதான்னு எனக்குத் தோணுது. ரூம்மேட் இன்னும் ஒத்துக்கலை. ரெண்டும் ஒண்ணுதானேடா என்கிறான்.

கடைசியா ஹாங்காங். ரெயெஸ் ஆடின 237ல ஜெயிச்சது 120, அதாவது 50.6 சதவீதம். ஸ்ட்ரிக்லாண்ட் 49.4. இந்த ரெண்டு எண்ணை வச்சு இவர் அவரை விட உசத்தின்னு எந்தப் புள்ளிவிவரக்காரரும் கையெழுத்துப் போட மாட்டார். மேட்ச்னா யாராவது ஒருத்தர் ஜெயிச்சாகணும், ரெயெஸ் ஜெயிச்சார், லட்சம் டாலரும் அவருக்குப் போச்சு. அடுத்த நாளே இன்னொரு 120 ஆடியிருந்தா என்ன ஆகியிருக்கும் என்பதுல என் காசை நான் எந்தப் பக்கமும் வைக்க மாட்டேன்.

இந்த வாரம் மேட்ச் பார்க்கிறவங்க, ஸ்கோர் 8-2 ஆனதும் முதல்ல எந்த பிரேக் முறைன்னு பாருங்க. அப்புறம் பிரேக்ல எந்தப் பந்து விழுதுன்னு ஒரு தாள்ல குறிச்சிட்டே வாங்க. ஏழெட்டு ராக் போதும். குறிச்சதை எனக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல எடுத்துப் பேசலாம். ரூம்மேட்டையும் மைக் முன்னாடி உட்கார வைக்கிறேன், அதுவரைக்கும் அவன் முழிச்சிருந்தா.